டெவலப்பரையும் சர்வர் அட்மினையும் ஒரே ஆன்லைன் வகுப்பில் உட்கார வைக்கலாமா?

முனையம்:
வணக்கம். எங்கள் குழுவின் ஆன்லைன் பயிற்சி அமர்வுகளைத் திட்டமிடும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. வெப் டெவலப்பர்கள் தனி வகுப்பு கேட்கிறார்கள், சர்வர் அட்மின்களும் அதையே கேட்கிறார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்துதான் உட்கார வேண்டும், அதுவும் நேரலையில் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன். காரணத்தைக் கேட்டுவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

502 பிழையை எடுத்துக்கொள்வோம், வெப் சர்வருக்குப் பின்னால் இருக்கும் புரோகிராமிடமிருந்து சரியான பதில் வராதபோது தெரிவது. தளம் விழுந்ததும் டெவலப்பர் "சர்வர் பிரச்சினை" என்பார், அட்மின் "புரோகிராம் கோடு பிரச்சினை" என்பார். வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் எர்ரர் லாகைத் (பிழைப் பதிவேடு) திறந்தால், பிஹெச்பி கோடை ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம்மின் சாக்கெட்டோடு (இரண்டும் பேசிக்கொள்ளும் வழி) இணைய முடியவில்லை என்ற வரியில் அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் அந்த சாக்கெட் கோப்பே இல்லை. பிஹெச்பி வெர்ஷனை மாற்றிய பிறகு கான்ஃபிக்கில் பழைய பெயரே தங்கிவிட்டால் இப்படி வரும். 13 என்றால் கோப்பு இருக்கிறது, தொட அனுமதி இல்லை. 111 என்றால் மறுமுனையில் கேட்க யாரும் இல்லை. 11 என்றால் கதை வேறு: எஃப்பிஎம் ஒர்க்கர்கள் எல்லாம் பிஸி, காத்திருக்கும் வரிசையும் நிரம்பிவிட்டது. முதல் மூன்றும் பெரும்பாலும் அட்மின் கையில். நான்காவதைத் தோண்டிக்கொண்டு போனால் பல நேரம் டேட்டாபேஸில் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடாத டேபிளில் ஓடும் ஒரு குவெரியில் போய் நிற்கும், அது டெவலப்பர் எழுதியது. இந்த ஒரு வரியை இருவரும் ஒரே திரையில் பார்த்துப் பழகியிருந்தால் நள்ளிரவுச் சண்டையில் பாதி நடக்கவே நடக்காது.

அடைப்புக்குறி:
முழுக்க மறுக்கிறேன். நான் டெவலப்பர். எங்களில் பலருடைய கோடு கண்டெய்னரில் (வேண்டியதெல்லாம் சேர்த்துக் கட்டிய தனிப் பொட்டலம்) போய் ஓடுகிறது, எஃப்பிஎம் சாக்கெட்டை நாங்கள் கண்ணால் பார்ப்பதே இல்லை. எங்களுக்குக் கற்க வேண்டியது மலைபோல் இருக்கிறது. 2024 மார்ச்சில் கூகுள், பக்கத்தின் பயனர் அனுபவத்தை அளக்கும் தன் கோர் வெப் வைட்டல்ஸில் எஃப்ஐடி அளவீட்டை எடுத்துவிட்டு ஐஎன்பியைக் கொண்டுவந்தது. பட்டனை அழுத்தினால் பக்கம் எவ்வளவு சீக்கிரம் அசைகிறது என்பதை முதல் சொடுக்கில் மட்டுமல்ல, பயனர் பக்கத்தில் இருக்கும் வரை நடக்கும் எல்லாச் சொடுக்கிலும் பார்க்கிறார்கள். இதைச் சரிசெய்ய ஜாவாஸ்கிரிப்டைப் பிரித்துப் போட்டுக் காட்ட ஒரு முழு அமர்வு போதாது. அந்த நேரத்தில் ஃபயர்வால் விதிகளைக் கேட்டுக்கொண்டு உட்காரச் சொல்கிறீர்கள். மைக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள், அதுதான் நடக்கும்.

நேரலை என்பதும் தேவையில்லை. பதிவு செய்த வீடியோ என்றால் புரியாத இடத்தில் நிறுத்தலாம், பின்னோக்கிப் போகலாம், தெரிந்த பகுதியைத் தாண்டலாம்.

முனையம்:
வீடியோவைக் கொடுத்துவிட்டால் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய திறந்தநிலைப் படிப்புகளைப் பற்றி 2019-இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்.

அடைப்புக்குறி:
அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பணம் கட்டி, சான்றிதழ் வேண்டும் என்று பதிந்தவர்களில் அதே ஆண்டு 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள். வீடியோ என்பதால் யாரும் ஓடவில்லை, தேவை இல்லாதவர்கள் ஓடினார்கள். தேவை இருப்பவருக்குத் தேவையானதை மட்டும் கொடுங்கள் என்பதுதான் என் கட்சியும். தனி வகுப்பு கேட்பதே அதற்காகத்தான்.

இரவுக்காவல்:
நான் அட்மின். தனி வகுப்புதான் வேண்டும், ஆனால் அடைப்புக்குறி சொல்லும் காரணத்துக்காக இல்லை. பதிவு வீடியோவையும் ஏற்க மாட்டேன்.

முதலில் வீடியோ. சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்பை 2029 வரை பராமரிப்பார்கள் என்று நம்பி எத்தனை பேர் அதை வைத்துப் பாடம் எடுத்தார்கள்! 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது, 2021 இறுதியோடு முடிந்துவிட்டது. வீடியோக்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன, அதைப் பார்த்துப் புது சர்வர் நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று இதைவிட மோசம். நான் கலந்துகொண்ட ஓர் அமர்வில், படம் பதிவேற்றும் ஃபோல்டரில் எழுத முடியவில்லை என்று பிழை வந்தது. நடத்தியவர் நேரம் போகிறதே என்று சிஹெச்மோட் 777 என்ற அனுமதிக் கட்டளையை அடித்துவிட்டு, "இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்வோம், அப்புறம் மாற்றலாம்" என்றார். அப்புறம் என்பது அந்த வீடியோவில் இல்லை. அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும், அதில் ஓடும் எந்த புரோகிராமும் அந்த ஃபோல்டரில் எழுதலாம் என்று ஆகிவிட்டது. பார்ப்பவர் அதையே முறை என்று எடுத்துக்கொள்வார். ஃபோல்டரின் உரிமையாளர் யார், எஃப்பிஎம் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சேர்ந்த வகுப்பு வேண்டாம் என்பதற்கு என் காரணம் ரூட் அனுமதி, அதாவது சர்வரில் எதையும் செய்யும் முழு அதிகாரம். சேர்ந்து பயிற்சி என்றதும் எல்லோருக்கும் ஒரே சர்வரில் சூடோ (அந்த அதிகாரத்தோடு கட்டளை அடிக்கும் வழி) கொடுத்துவிடுகிறார்கள். தேவைக்கு மேல் அனுமதி தராதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதை மீறிக்கொண்டே பாடம் நடத்துவது எனக்கு ஒப்பவில்லை.

முனையம்:
இரவுக்காவல் சார், அனுமதி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஒரே சர்வர் கிடையாது. ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் உருவாக்கிய தனிக் கணினி), தொடங்கும் முன் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்), உடைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை நினைவுபடுத்துகிறேன். இரண்டாம் நிலை டேட்டாபேஸில் (பிரதானத்தின் நகல்) இருப்பதாக நினைத்து ஓர் இன்ஜினியர் பிரதான டேட்டாபேஸின் டேட்டா ஃபோல்டரை அழித்தார். சில நொடிகளில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸின் வெர்ஷன் பொருந்தாததால் அது பல நாட்களாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் டிமார்க் (அனுப்புநரைச் சரிபார்க்கும் மின்னஞ்சல் முறை) சரியாக இல்லாததால் நிராகரிக்கப்பட்டு யாரையும் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த ஓர் எல்விஎம் (டிஸ்க்கை நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி) ஸ்னாப்ஷாட் இருந்ததால் மீண்டார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், அந்தத் துணிச்சலுக்கு இன்றும் என் மரியாதை உண்டு. நம் அமர்வில் இதைத்தான் முதலில் வைக்க நினைக்கிறேன்.

அடைப்புக்குறி:
இது டேட்டாபேஸ் அட்மின்களுக்கான பாடம். டெவலப்பர் அங்கே உட்கார்ந்து என்ன செய்வார்?

முனையம்:
அவர்களே வெளியிட்ட அறிக்கையை முதலிலிருந்து படியுங்கள். அழித்தது கடைசிக் கட்டம். அன்று டேட்டாபேஸில் சுமை ஏறியது, அதனால் இரண்டாம் நிலை பின்தங்கியது, அதைத் திரும்ப உருவாக்கப் போய்த்தான் அந்தக் கட்டளை அடிக்கப்பட்டது. சுமைக்குக் காரணம் ஸ்பேம் மட்டுமில்லை. ஒரு ஊழியரின் கணக்கைத் தவறானது என்று யாரோ புகார் செய்ததில், அந்தக் கணக்கையும் அதோடு சேர்ந்த எல்லாவற்றையும் அழிக்கும் பின்னணி ஜாப் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னணி ஜாபை எழுதுகிறவர் யார்? நீங்கள்தானே?

அடைப்புக்குறி:
சரி, அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை. ஆனால் அதற்கு ஒரு பொது அமர்வு போதும். தொடர் முழுவதும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று அது நிரூபிக்கவில்லை.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா, அக்கா எல்லோரும். நான் கற்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பெரிய அனுபவசாலிகள் நிறையப் பேர் இருக்கும் அழைப்பில் என்னைப் போன்றவர்கள் வாய் திறக்க மாட்டோம். ரிவர்ஸ் பிராக்ஸி என்றால் என்ன என்று கேட்க வேண்டும் போலிருக்கும், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று சும்மா இருந்துவிடுவோம். சேர்ந்த வகுப்பு என்றால் கூட்டம் இரட்டிப்பாகும், மௌனமும் இரட்டிப்பாகும்.

இன்னொரு வேண்டுகோள். திரையைப் பகிரும்போது டெர்மினல் எழுத்தைப் பெரிதாக்குங்கள். அடித்த கட்டளையைச் சாட்டிலும் ஒட்டுங்கள். நாங்கள் பாதியை எழுதுவதற்குள் திரை மேலே ஓடிவிடுகிறது. எல்லாம் சரியாக ஓடும் டெமோ பார்த்து எனக்கு எதுவும் நினைவில் தங்கியதில்லை, நானே உடைத்துச் சரிசெய்தது மட்டும்தான் தங்கியிருக்கிறது.

இரவுக்காவல்:
தம்பி சொன்னது நெத்தியடி. உடைப்பதற்கு நான் வைத்திருக்கும் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். தளம் திடீரென்று லாகின் ஏற்க மறுக்கிறது. லாகில் "டிஸ்கில் இடமில்லை" என்று வருகிறது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் மைனஸ் ஹெச் கட்டளையை அடித்தால் பாதி டிஸ்க் காலியாக இருப்பதாகக் காட்டும். பெரும்பாலானவர்கள் இங்கே திகைத்து நின்றுவிடுவார்கள். டிஎஃப் மைனஸ் ஐ அடித்தால்தான் ஐநோடு 100 சதவீதம் என்று தெரியும். இடம் இருக்கிறது, புதுக் கோப்புக்குப் பதிவெண் இல்லை. எந்த ஃபோல்டரில் என்று தேடினால் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி பிஹெச்பி செஷன் கோப்புகள் (யார் லாகின் செய்திருக்கிறார் என்பதை நினைவில் வைப்பவை).

ஏன் சேர்ந்தன என்பதுதான் முக்கியம். டெபியன் லினக்ஸில் பழைய செஷனைத் துடைக்கும் வேலையை பிஹெச்பி தானாகச் செய்யாது, அதற்கென்று தனியாக ஒரு டைமர் ஓடும். அந்த டைமர் பிஹெச்பியின் அமைப்புக் கோப்பான பிஹெச்பி.ஐஎன்ஐயில் எழுதியிருக்கும் ஃபோல்டரை மட்டும் பார்க்கும். கோடுக்குள் ஒரே ஒரு ஐஎன்ஐ-செட் வரியில் செஷன் பாதையை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டால், அங்கே துடைக்க யாரும் வர மாட்டார்கள். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் சேரும்.

முனையம்:
நீங்களே என் வழக்கை நடத்திவிட்டீர்கள் சார். அந்த வரியை எழுதியவர் டெவலப்பர், டிஸ்க்கைப் பார்ப்பவர் நீங்கள். தனித்தனி அறையில் இந்தப் பயிற்சியைப் பாதிதான் செய்ய முடியும்.

இரவுக்காவல்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் உங்கள் வழியில் இல்லை. ஐநோடு என்றால் என்ன என்பதை என் ஆட்களுக்குத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும், செஷன் எப்படி இயங்குகிறது என்பதை அவர்கள் தனியே கற்க வேண்டும். அதற்குப் பிறகு உடைந்த சர்வரை நடுவில் வைத்து ஒன்றாக உட்காரலாம். ஒரு டெவலப்பர், ஒரு அட்மின் என்று ஜோடியாகச் சின்ன அறைகளில் பிரித்துவிடுங்கள். புதுவரவு கேட்க நினைப்பதை அங்கே ஒருவரிடம் கேட்டால் போதும்.

அடைப்புக்குறி:
இந்த வடிவம் என்றால் வருகிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, சேர்ந்த அமர்வைப் பதிவு செய்யக் கூடாது. திரைப் பகிர்வில் ரகசியங்களை எழுதி வைக்கும் டாட் என்வ் கோப்பு திறந்து டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அந்தப் பதிவு பல பேர் கணினியில் போய்ச் சேர்ந்தது. இரண்டு, நிஜப் பயனர்களின் லாகைப் பாடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. அதில் அவர்களின் ஐபி முகவரி இருக்கும், சில நேரம் யூஆர்எல்லிலேயே மின்னஞ்சலும் டோக்கனும் இருக்கும்.

தனி வகுப்புகளைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

முனையம்:
இரண்டு நிபந்தனையும் சரி. தனி வகுப்புப் பதிவுக்கு ஒரு காலாவதி வைத்துவிடலாம்: தளங்களுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் குறித்த நாளில் முடிகிற மாதிரி, நாள் கடந்ததும் யாராவது பார்த்துச் சரி என்று சொன்னால் மட்டும் வீடியோ தொடரும், இல்லையென்றால் நீக்கம். இரவுக்காவல் சார், பார்க்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?

இரவுக்காவல்:
சர்வர் பக்கத்து வீடியோக்களுக்கு எடுத்துக்கொள்கிறேன். 777 அடித்த வீடியோ எதுவும் என்னைத் தாண்டிப் போகாது. ஜாவாஸ்கிரிப்ட் வீடியோக்களுக்கு அடைப்புக்குறி பொறுப்பேற்கட்டும்.

புதுவரவு:
ஜோடி போடும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. ஐநோடு பயிற்சிக்கு.