இரண்டு டிஸ்க் இருந்தால் ரெய்டா, பேக்கப்பா?

நிலவன்: வீட்டு லினக்ஸ் கணினியில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு மாட்டியிருக்கிறேன். குடும்பப் படங்களும் அப்பாவின் குரல் பதிவுகளும் இனி அதில்தான் இருக்கப்போகின்றன. எல்லாம் சேர்த்து 1 டிபி வரும். எம்டிஏடிஎம் (mdadm) கருவியை வைத்து, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை வைத்திருக்கும் ரெய்டு 1 போட்டுவிட்டால் போதுமா?

கயல்: போதாது. ரெய்டு 1 நீங்கள் செய்வதை அந்தக் கணமே இரண்டு டிஸ்க்கிலும் செய்யும். அழித்தாலும் அப்படித்தான். நான் ஒருமுறை ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) ஓட்டும்போது, மூலத்தில் இல்லாததை இலக்கில் அழித்துவிடும் டெலீட் ஆப்ஷனோடு மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அதனால் மூலமாகப் போனது ஒரு காலி ஃபோல்டர். சில நிமிடத்தில் மூன்று வருடப் படங்கள் போய்விட்டன. டிஸ்க் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஒன்றைக் கணினியில் வையுங்கள், மற்றதை வாரம் ஒருமுறை செருகி பேக்கப் எடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள்.

மாறன்: இதை நான் ஏற்கவில்லை. ஞாயிறு பேக்கப் எடுத்து, சனிக்கிழமை டிஸ்க் செத்தால் ஆறு நாள் வேலை போச்சே! என்னிடம் ஒரு டிஸ்க் செத்தபோது ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (mdstat) கோப்பில், இரண்டு டிஸ்க்கும் நலம் என்னும் ‘யுயு’ இருக்க வேண்டிய இடத்தில், ஒன்று இல்லை என்னும் ‘யு_’ இருந்தது. அவ்வளவுதான். கணினி ஓடிக்கொண்டே இருந்தது. புது டிஸ்க்கைச் சேர்த்தேன், ஏழெட்டு மணி நேரத்தில் முழுசாக நகலாகிவிட்டது.

கயல்: அந்த ‘யு_’ எத்தனை நாளாக அப்படி இருந்தது?

மாறன்: நியாயமான கேள்வி. மூன்று வாரம். எச்சரிக்கை மின்னஞ்சல் அமைக்காமல் விட்டிருந்தேன். இப்போது எம்டிஏடிஎம்மின் கான்ஃபிக் கோப்பில் என் முகவரியோடு மெயில்அட்ர் (MAILADDR) வரியைப் போட்டு, அதன் மானிட்டர் கட்டளையை டெஸ்ட், ஒன்ஷாட் ஆப்ஷன்களோடு ஓட்டி, மடல் உண்மையிலேயே வருகிறதா என்று பார்த்துவிட்டேன். நிலவன், இதை முதல் நாளே செய்யுங்கள்.

செழியன்: சத்தமில்லாமல் கெட்டுப்போகும் தரவை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். எம்டி (எம்டிஏடிஎம் அமைக்கும் லினக்ஸ் ரெய்டு) மாதாந்திரச் சோதனையில் இரண்டு நகலும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும், எது சரியான நகல் என்று அதற்குத் தெரியாது. பிடிஆர்எஃப்எஸ் (Btrfs), இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டங்கள் இரண்டும் தாமே ரெய்டு செய்யும்; தரவு மாறியிருக்கிறதா என்று காட்டும் செக்சம் வைத்திருப்பதால் நல்ல நகலைக் கொண்டு கெட்டதைச் சரிசெய்துவிடும். பழைய படங்களுக்கு இதுதான் முக்கியம்.

மாறன்: பிடிஆர்எஃப்எஸ் ரெய்டு 1-ல் ஒரு டிஸ்க் காணாமல் போனால், குறைந்த டிஸ்க்கோடு ஓடு என்னும் டிகிரேடட் ஆப்ஷன் கொடுக்காமல் மவுண்ட் ஆகாது, கோப்புகளைத் திறக்க முடியாது. ரூட்டும் (லினக்ஸ் இருக்கும் பகுதி) அதிலேயே இருந்தால் பூட் பாதியில் நின்றுவிடும். புதிதாக வருபவர் அந்தத் திரையைப் பார்த்துப் பதறி, இருக்கிற டிஸ்க்கையும் ஃபார்மட் செய்துவிடுவார். எம்டி, மேலே வழக்கமான ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4. அது போதும்.

செழியன்: ரூட்டை வேறு டிஸ்க்கில் வைத்து, பூட் ஆகும்போது எவை மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் இதற்கு நோஃபெயில் (nofail) ஆப்ஷன் போடுங்கள், இதனால் பூட் நிற்காது. பழுதோடு ஓடுவது தெரியாமல் மூன்று வாரம் போவதைவிட, அடுத்த முறை மவுண்ட் ஆகாமல் நின்று சொல்வது மேல். ஆனால் பிடிஆர்எஃப்எஸ்ஸில் ரெய்டு 5, 6 (மூன்று, நான்கு டிஸ்க் சேர்க்கும் வேறு வகைகள்) பக்கம் போகாதீர்கள், அதன் ஆவணமே வேண்டாம் என்கிறது.

நிலவன்: பழைய 2 டிபி வெளி டிஸ்க் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை பேக்கப்புக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இரண்டிலும் பிடிஆர்எஃப்எஸ் ரெய்டு 1 போடட்டுமா?

மாறன்: என் ஓட்டு இன்னும் எம்டிக்குத்தான். வெளி டிஸ்க் விஷயத்தில் கயல் சொல்வதே சரி.

கயல்: சரி, அப்படியே செய்யுங்கள். ஆனால் பேக்கப் முடிந்ததும் அப்பாவின் பதிவு ஒன்றை வெளி டிஸ்க்கிலிருந்து வேறு கணினிக்கு எடுத்து, கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள். அதுவரை இப்போது இருக்கும் இடத்திலிருந்து எதையும் அழிக்க வேண்டாம்.