மறு: புரோலாக் எண்டதுக்குப் ‘பாயிரம்’ சரியா?

> பாயிரம் எண்டு நன்னூல்லயே இருக்கு, பொறகு எதுக்குப் புதுச்சொல்?

சேர், பாயிரம் வடிவான சொல்தான். ஆனா அது நூலுக்கு ஒருக்காத்தான் வரும், புரோலாக், அதாவது ஒரு ஃபங்ஷன் (புரோகிராமுட ஒரு துண்டு) தன்ட வேலையத் தொடங்க முதல் செய்யிற ஆயத்தம், அந்த ஃபங்ஷனக் கூப்பிடுற ஒவ்வொரு தரமும் ஓடும். பாயிரம் வாசிக்காமலே நூலுக்குள்ள போகலாம், இத விட்டுட்டுப் போனா திரும்பி வாற வழி இருக்காது.

நேத்து ராவு பொடியனுகளுக்குக் காட்ட ஒரு சின்ன சி புரோகிராம ஆப்டிமைஸ் பண்ணாம கம்பைல் பண்ணி டிபக்கர்ல திறந்த நான். ஃபங்ஷன்ட முதல் பைட் ஹெக்ஸ்ல 55, அதாவது ஆர்பிபி எண்ட ரெஜிஸ்டர்ல (சிபியூக்குள்ள இருக்கிற சின்னச் சேமிப்பிடம்) இருந்த பழைய பெறுமானத்த ஸ்டாக்குல (ஃபங்ஷனுகள் தற்காலிகமா வைக்கிற மெமரி அடுக்கு) தள்ளுறது, அடுத்தது ஸ்டாக்குட உச்சியக் காட்டுற ஆர்எஸ்பி ரெஜிஸ்டர ஆர்பிபிக்குக் கொப்பி பண்றது, மூண்டாவது லோக்கல் வேரியபிளுக்கு 32 பைட் இடம் எடுக்கிறது. இதப் பார்க்க எனக்கு நம்மட கூத்துத்தான் ஞாபகம் வந்த. வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, ஆள் களரிக்கு, அதான் கூத்து மேடைக்கு, வந்த உடன கதைக்குள்ள போறானா? வரவுப் பாட்டு, வரவு ஆட்டம் முடிச்சுத்தான் மிச்சம். ராசாவுக்கும் வரவு, சேவகனுக்கும் வரவு. அதால ‘வரவு’ எண்டே வைப்பம் எண்டுறன்.

> வரவு எண்டா ஸ்கூல் இடாப்புத்தான் ஞாபகம் வருது கா

தம்பி, நீ பகிடிக்குச் சொன்னாலும் அதான் எனக்கு வேணும். எக்ஸெப்ஷன், அதான் புரோகிராம் ஓடக்குள்ள வாற பிழை, வந்தா நடக்கிறது என்ன? 32 பிட் விண்டோஸ்ல ட்ரை (பிழை வந்தாப் பிடிக்கிற பகுதி) உள்ள ஃபங்ஷன் எல்லாம் உள்ளுக்க வாற நேரமே தன்ட ஹேண்ட்லர (பிழையக் கவனிக்கிற கோட) ஒரு சங்கிலியில கொழுவணும், பிழை வந்தாலும் வராட்டியும் அந்தச் செலவு இருக்கும். 64 பிட்ல அத விட்டுட்டாங்க. புரோலாக் என்னென்ன செஞ்சது, எத்தனாவது பைட்டோட செஞ்சு முடிச்சது எண்டு கம்பைலரே ஒரு டேபிள்ல எழுதி வைச்சிரும், பிழை வந்தாத்தான் அத ஆரும் திறந்து பார்க்கிற. புரோலாக்குட நீளத்த அதுக்குள்ள ஒரே பைட்லதான் எழுதலாம், அதால 255 பைட்டுக்கு மேல போகேலாது. இதுல எனக்குப் பிடிச்ச இடம், புரோலாக் பாதியில நிக்கக்குள்ள பிழை வந்தா அதுவரைக்கும் செஞ்சத மட்டும் கடைசியில இருந்து ஒவ்வொண்டா அவிழ்க்கும், செய்யாததத் தொடாது. லினக்ஸ்லயும் இதே மாதிரி டேபிள் இருக்கு, எழுதுற முறைதான் வேற.

ஆர் வந்த, எப்ப வந்த எண்டு எழுதி வைக்கிற புத்தகத்துக்கு நம்மட ஊர்ல என்ன பேர்? அப்ப அந்த டேபிள் ‘வரவு இடாப்பு’, பிழை வந்தா ஒவ்வொண்டா அவிழ்க்கிற அன்வைண்டிங் ‘அவிழ்ப்பு’. சிபியூ ரெஜிஸ்டருக்கு ஏற்கனவே பதிவகம் எண்டு இருக்கிறதால இடாப்போட குழம்பாது.

> ஊர்ச்சொல் மற்ற ஊராக்களுக்கு விளங்குமா?

கூத்துப் பார்க்காதவனுக்கும் வரவு எண்டா வாறதுதானே கா. காரைதீவில பிறந்த விபுலாநந்தர்தான் 1936ல சென்னையில கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கின, நாம ஒரு சொல்ல அனுப்பினா ஒண்டும் கெட்டுப் போகாது.

எபிலாக், அதான் ஃபங்ஷன் முடிஞ்சு வெளிய போக முதல் செய்யிறது, அதுதான் இடிக்குது. ‘செலவு’ எண்டா பழந்தமிழ்ல போறது, பொருத்தமாத்தான் இருக்கு, ஆனா வரவோட சேர்ந்தா பட்ஜெட் ஆகிரும். ‘போக்கு’ எண்டு எழுதி வைச்சிருக்கன், அதவிட நல்லது ஆரிட்டயும் இருந்தா வெள்ளிக்கு முதல் அனுப்புங்க.