கொழும்பு எத்தனை?

கணக்கு டீச்சர், கொட்டாஞ்சேனை:
கொழும்பில் இடத்தின் பெயர் சொன்னால் போதாது, நம்பரும் சொல்ல வேண்டும். மொத்தம் 15 தபால் வலயம். 7 என்றால் கறுவாத்தோட்டம், அதற்குமேல் கேள்வியே வராது. 6 என்றால் வெள்ளவத்தை, 'சொந்தமோ, வாடகையோ?' என்பார்கள். எங்கள் 13க்கு ஒரு 'ஓ' மட்டும்தான்.

வீடு வீடாகப் போய்க் கணக்கு ட்யூஷன் கொடுக்கிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் லேனில் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிற பையன் ஒருவன். போனதும் ஃபேனை என் பக்கம் திருப்பிவிடுவார்கள். தேத்தண்ணி, பிஸ்கட் எல்லாம் வரும். அவனுடைய அம்மா பண்பானவர், குறை சொல்ல முடியாது.

என் அம்மா அதற்கு இரண்டு லேன் தள்ளி ஒரு வீட்டில் சமைக்கிறார். அவருக்குப் பின்கதவு. ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றதாகிப்போன குடும்பம். சின்ன வயதிலேயே கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷ உழைப்புக்கு ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) ஒரு சதம் கிடையாது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலையாட்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு நாள் அந்தப் பையனின் அம்மா, "உங்கட அம்மா என்ன செய்யிறா மிஸ்?" என்றார். சொன்னேன். எந்த லேன் என்றும் சொன்னேன். முகம் மாறவில்லை. அடுத்த கிழமையும் அதே பிஸ்கட். அப்புறம் கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். மகனின் மார்க்ஸ் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, தோட்டப்பக்கம் உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம்தானே? எங்களுக்கும் வீட்டு வேலைக்கு ஒரு நல்ல பெட்டையாப் பாத்துத் தருவீங்களோ?"

பையன் தலையே நிமிரவில்லை, எக்ஸைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். அவர் என்னைக் கேவலப்படுத்த நினைக்கவில்லை, நம்பித்தான் கேட்டார். திட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல வாய் இருந்திருக்கும். "விசாரிச்சுப் பாக்கிறேன்" என்றேன், விசாரிக்கவில்லை. ட்யூஷனை விடவும் இல்லை, காசு வேண்டுமே.

மாடிவீட்டுக்காரன், தெமட்டகொடை:
டீச்சர், எங்களுக்கு நம்பர்கூடத் தேவையில்லை, கட்டடத்தின் பெயரே போதும். வத்தையில், அதாவது சேரியில், இருந்த பலகை வீட்டை எடுத்துக்கொண்டு அடுக்குமாடியில் வீடு தந்தார்கள். உள்ளேயே பாத்ரூம், தரைக்கு டைல்ஸ். அம்மாவுக்குச் சந்தோஷம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் தம்பி இன்டர்வியூவுக்குப் போனால் ஃபைலைத் திறந்ததுமே, "ஆ, அந்த ஃப்ளாட்ஸா?" என்கிறார்கள். பகிடி என்னவென்றால், வத்தையில் இருந்தபோது வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் மட்டும் போட்டுத் தப்பிவிடுவோம். இப்போது சிவியில் வத்தளையில் இருக்கும் மாமா வீட்டு முகவரியைப் போடுகிறான். இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.