இரண்டாவது மானிட்டரில் ‘நோ சிக்னல்’: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சாயங்காலம்

மார்த்தாண்டம் அக்கா: சித்தப்பா, வீட்டில் சும்மா கிடந்த பழைய மானிட்டரை இரண்டாவதாக மாட்டினேன். ‘நோ சிக்னல்’ என்று காட்டிவிட்டு இருண்டு போகிறது. நாளைக்கு ஒரு வீட்டு பிளான் வரைந்து கொடுக்க வேண்டும். அளவுகளை ஒன்றில் திறந்து வைத்துக்கொண்டு மற்றதில் வரைந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

நான்: அக்கா, விண்டோஸ் பட்டனோடு ‘பி’ சேர்த்து அழுத்து. ‘எக்ஸ்டெண்ட்’ கொடு.

மார்த்தாண்டம் அக்கா: கொடுத்தாச்சு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘டிடெக்ட்’டும் அழுத்திப் பார்த்தேன். வேறு டிஸ்ப்ளே எதுவும் இல்லை என்கிறது.

குளச்சல் மாமா: கேபிளாகத்தான் இருக்கும் மக்களே. எங்கள் கடையில் சிசிடிவி மானிட்டர் இப்படித்தான் நின்றது. கழற்றிப் பார்த்தால் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. கடல் காற்றுக்கு எதுவும் தாங்குவதில்லை. புதுசு ஒன்று வாங்கிப் போடு.

தக்கலை சித்தப்பா: கடற்கரையில் மச்சான் சொல்வது நிஜம்தான். ஆனால் காசைச் செலவழிக்கும் முன்னால் பார்த்துவிடுவோம். பிள்ளே, ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வருகிறது அல்லவா? அப்போது மானிட்டருக்குக் கரண்டும் இருக்கிறது, பேனலும் நன்றாக இருக்கிறது. உள்ளே ஒன்றும் வந்து சேரவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வந்திருந்தால் வேறு விஷயம். படம் வருகிறது, அந்த ரெசல்யூஷனையோ (படத்தில் எத்தனை புள்ளி) ரெஃப்ரெஷ் ரேட்டையோ (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது) காட்ட மானிட்டரால் ஆகவில்லை என்று அர்த்தம்.

தக்கலை சித்தப்பா: முதலில் மானிட்டர் பட்டனில் ‘இன்புட்’ அல்லது ‘சோர்ஸ்’ பார். பழையது என்றால் விஜிஏவிலேயே, அதாவது அந்தக் காலத்து இணைப்பிலேயே, நிற்கும்.

மார்த்தாண்டம் அக்கா: ஹெச்டிஎம்ஐக்கு மாற்றிவிட்டேன். அப்படியும் வரவில்லை.

தக்கலை சித்தப்பா: சரி. இப்போது நன்றாக ஓடுகிற மானிட்டரின் பின்னால் இருக்கிற கேபிளை உருவிப் பழைய மானிட்டரில் செருகு.

மார்த்தாண்டம் அக்கா: படம் வருகிறது!

தக்கலை சித்தப்பா: மானிட்டர் நல்லது. அடுத்து, நீ புதிதாகப் போட்ட கேபிளை சிபியூவில் அந்த வேலை செய்கிற போர்ட்டிலேயே, அதாவது கேபிள் போடுகிற ஓட்டையிலேயே, செருகிப் பார்.

மார்த்தாண்டம் அக்கா: அதிலும் வருகிறது.

தக்கலை சித்தப்பா: அப்படியானால் கேபிளும் நல்லது. மிச்சம் இருப்பது அந்த இன்னொரு போர்ட். சிபியூவின் முதுகைப் படம் எடுத்துப் போடு.

இரணியல் பெரியம்மா: இங்கே பயங்கரமாக இடி வெட்டுகிறது. அங்கேயும் வந்துவிடும். பிளக்கை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு இரு மக்களே.

தக்கலை சித்தப்பா: மைனி சொல்வதைக் கேள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கை உருவு. நெட் கேபிளையும் எடு. ஐப்பசி இடிக்கு என் மேஜைக்கு வருகிற போர்டுகளில் நெட் கேபிள் வழியாக அடிபட்டவையும் உண்டு. அதை யாரும் நினைப்பதில்லை.

மார்த்தாண்டம் அக்கா: உருவிவிட்டேன். மழை விட்டதும் வருகிறேன்.

குளச்சல் மாமா: ஞாயிற்றுக்கிழமை யாரெல்லாம் வருகிறீர்கள்? சாளை வாங்கவா, நெய்மீன் வாங்கவா?

நான்: சாளை போதும் மாமா.

மார்த்தாண்டம் அக்கா: மழை விட்டுவிட்டது. (படம்: சிபியூவின் பின்பக்கம்)

தக்கலை சித்தப்பா: பார்த்தேன். கீபோர்டு, மவுஸ் செருகியிருக்கிற யூஎஸ்பி கூட்டத்தோடே மேலே ஒரு ஹெச்டிஎம்ஐ இருக்கிறது. அது மதர்போர்டுடையது, எல்லா பாகங்களையும் இணைக்கிற பெரிய போர்டு. அதற்குக் கீழே தனியாக ஒரு தகட்டில் படுக்கைவாட்டில் இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு, திரைக்குப் படம் உருவாக்குவதற்கென்றே இருக்கிற தனி அட்டை. உன் முதல் மானிட்டர் கார்டில் இருக்கிறது, இரண்டாவதை மேலே போட்டிருக்கிறாய்.

மார்த்தாண்டம் அக்கா: இரண்டும் ஒரே ஹெச்டிஎம்ஐதானே சித்தப்பா?

தக்கலை சித்தப்பா: ஓட்டை ஒன்றுதான், படம் வருகிற இடம் வேறு. மேலே இருப்பதற்குப் படம் கொடுப்பது பிராசசருக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ். தனி கார்டு இருப்பதைக் கண்டால் பல மதர்போர்டுகள் உள்ளே இருப்பதைத் தானாகவே நிறுத்திவிடும். விண்டோஸில் எதை அழுத்தினாலும் அது தெரியாது, ஏனென்றால் விண்டோஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே காட்டப்படுவதில்லை. பிராசசர் எது?

மார்த்தாண்டம் அக்கா: ஐ5 10400.

தக்கலை சித்தப்பா: கடைசியில் ‘எஃப்’ இருக்கிறதா என்று நன்றாகப் பார். 10400எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது, மேலே இருக்கிற போர்ட்டில் எந்தக் காலத்திலும் படம் வராது.

மார்த்தாண்டம் அக்கா: எஃப் இல்லை.

தக்கலை சித்தப்பா: அப்போது வழி இருக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்து ‘டெலீட்’ அல்லது ‘எஃப்2’ தட்டிக்கொண்டே இரு, பயாஸ் திறக்கும், விண்டோஸுக்கு முன்னால் வருகிற மதர்போர்டின் செட்டிங்ஸ் அது. ‘அட்வான்ஸ்டு’க்குள் கிராஃபிக்ஸ் என்று வருகிற இடத்தில் ‘ஐஜிபியூ மல்ட்டி மானிட்டர்’ இருக்கும். ஐஜிபியூ என்றால் பிராசசருக்குள் இருக்கிற அந்த கிராஃபிக்ஸ்தான். சில போர்டுகளில் ‘இன்டர்னல் கிராஃபிக்ஸ்’, சிலதில் ‘ஐஜிடி மல்ட்டி மானிட்டர்’. அதை ‘எனேபிள்ட்’ ஆக்கி எஃப்10 அழுத்திச் சேமி. ‘பிரைமரி டிஸ்ப்ளே’ என்று இருப்பதைத் தொடாதே. வேறு எதையும் மாற்றாதே, கேட்டியா?

நான்: சித்தப்பா, கார்டில் இன்னொரு ஓட்டையும் தெரிகிறதே?

தக்கலை சித்தப்பா: ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல இருப்பதா? அது டிஸ்ப்ளேபோர்ட். உண்மையில் அதுதான் நல்ல வழி. இரண்டு மானிட்டரும் கார்டிலேயே ஓடினால் பிளான் வரைகிற ஆட்டோகேடை எந்தத் திரைக்கு இழுத்தாலும் இடறாது. நாகர்கோவில் வடசேரிப் பக்கம் போனால் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றுகிற கேபிள் ஒன்று அக்காவுக்கு வாங்கிக் கொடு. சிபியூ பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் ஹெச்டிஎம்ஐ என்று கடையில் தெளிவாகச் சொல். சாதாரணக் கேபிள் ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும், திருப்பிப் போட்டால் படம் வராது. இன்றைக்கு ராத்திரி வேலைக்கு பயாஸ் போதும்.

மார்த்தாண்டம் அக்கா: வந்துவிட்டது சித்தப்பா!! முதலில் எழுத்து பெரிது பெரிதாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது.

தக்கலை சித்தப்பா: இன்டெல் டிரைவர், அதாவது உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸை விண்டோஸ் ஓட்டுவதற்கான மென்பொருள், ஏறியிருக்கும். வரைவதைக் கார்டில் இருக்கிற மானிட்டரில் வைத்துக்கொள், அளவுக் குறிப்பை மற்றதில் போடு.

மார்த்தாண்டம் அக்கா: ஒரே ஒரு சங்கடம். பழைய மானிட்டர் இடது பக்கம் இருக்கிறது. மவுஸை வலது பக்கம் கொண்டுபோனால்தான் அதற்குள் போகிறது.

நான்: டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2 என்று இரண்டு கட்டம் இருக்கும் அக்கா. 2ஐ மவுஸால் பிடித்து 1க்கு இடது பக்கம் இழுத்துவிட்டு ‘அப்ளை’ கொடு. எது எந்த மானிட்டர் என்று சந்தேகம் இருந்தால் ‘ஐடென்டிஃபை’ அழுத்து, திரையிலேயே எண் வரும்.

மார்த்தாண்டம் அக்கா: இப்போது சரியாகப் போகிறது. பிளானைத் திறந்துவிட்டேன். மாமா, நானும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.