உதவி: நூலகம் மூடிவிட்டார்கள், ஹிண்டமித் கிடைக்கவில்லை (அவசரம்)

நாலாவது தந்தி | 2020 ஏப்ரல் 14, இரவு 11.40
வணக்கம். கொரோனாவால் எங்கள் மியூசிக் லைப்ரரியை மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித்தின் புத்தகமும் ஸ்கோரும் (அச்சிட்ட இசைக்குறிப்பு) வேண்டும். ஹாத்தி டிரஸ்ட் மின்னூலகத்தில் புத்தகம் வருகிறது, ஆனால் திறக்கவில்லை, தேட மட்டும்தான் முடிகிறது. இசைப் பதிவுகள் கேட்கும் நாக்ஸோஸ் தளமும் உள்ளே விட மாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் முதுகலை ஆய்வேட்டின் அத்தியாயம் கொடுக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

வலைக்கண்ணி | இரவு 11.52
விபிஎன் போட்டீர்களா? வளாகத்துக்கு வெளியே இருந்தால் எல்லாமே இப்படித்தான் மக்கர் பண்ணும். அதுதான் காரணம், நிச்சயம்.

டொராண்டோ செல்லோ | நள்ளிரவு 12.05
எந்த ஊர், எந்தப் படைப்பு, முழு ஸ்கோரா பியானோவோடு வாசிக்கும் சுருக்கமா? ஹிண்டமித் வயோலாவுக்கே (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) எவ்வளவோ எழுதியிருக்கிறார், அதனால் கேட்கிறேன்.

சுருதிப்பெட்டி | காலை 6.10
தம்பி, இந்த இழைகளில் பத்து வருடமாக ஒன்றையே சொல்லி வருகிறேன். கேட்கிறவர் முழு விவரம் தராமல் பதில் வராது. முதுகலை படிக்கிறவருக்கு நூலகத்தில் தேடக்கூடத் தெரியாவிட்டால் எப்படி? நாங்கள் படித்த காலத்தில் அட்டைப் பெட்டியைப் புரட்டி எடுத்தோம். ஹிண்டமித் இறந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. இலவச ஸ்கோர் தளமான ஐஎம்எஸ்எல்பியில் இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு இழை வேண்டுமா?

நாலாவது தந்தி | காலை 9.30
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். அமெரிக்கா, ஒஹாயோ. ஊருக்குத் திரும்ப விமானம் கிடைக்கவில்லை, அறையில்தான் இருக்கிறேன். தனி வயோலாவும் குழுவும் வாசிக்கும் 'டெர் ஷ்வானென்ட்ரேயர்', 1935, முழு ஸ்கோர். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் வயோலாவும் ஹார்ப்பும் மட்டும் வரும் இடத்தைப் பற்றித்தான் அத்தியாயம். புத்தகம் அவருடைய 'தி கிராஃப்ட் ஆஃப் மியூசிக்கல் காம்போசிஷன்'.

மாம்பலம் ரசிகை | காலை 9.48
ஸ்கோர் இல்லாவிட்டால் என்ன? பதிவைக் கேட்டு ஸ்வரப்படுத்திக்கொள்ளலாமே. எங்கள் பாட்டு டீச்சர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். பத்து தடவை கேட்டால் கையில் வந்துவிடும்.

டொராண்டோ செல்லோ | காலை 10.02
அக்கா, ஒரு ராக ஆலாபனைக்கு அது சரி. இந்தக் குழுவில் வயலினே கிடையாது, தனி வயோலாவைத் தவிர வேறு வயோலாவும் இல்லை. நாலு செல்லோ, மூன்று டபுள் பேஸ், ஹார்ப், டிம்பனி, மீதி எல்லாம் காற்று வாத்தியங்கள். எது எங்கே நுழைகிறது என்பதைக் காதால் எழுதலாம், ஆனால் ஆய்வேட்டில் ஸ்கோரின் பார் (தாளக்கட்டு) எண் போட்டுத்தானே ஆக வேண்டும்.

சுருதிப்பெட்டி அண்ணா, ஐம்பது வருடக் காப்புரிமைக் கணக்கு எங்கள் கனடாவுக்கு. ஹிண்டமித் 1963 டிசம்பரில் இறந்தார், அதனால் இங்கே 2014 முதல் சுதந்திரம். அமெரிக்காவில் வெளியான தேதியிலிருந்து 95 வருடம். இந்த ஆண்டு 1924 வரை வெளியானவைதான் அங்கே பொதுவுடைமை.

மாம்பலம் ரசிகை | காலை 10.15
இந்தியாவில் 60 வருடம். அப்படியானால் இங்கே 2024 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.

சுருதிப்பெட்டி | காலை 10.31
ஊரே மூடிக்கிடக்கும்போது சட்டப் புத்தகத்தைப் பிரிக்கிறீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் மின்னூலகம் மார்ச் 24 முதல் சுமார் 14 லட்சம் புத்தகங்களைக் காத்திருப்பு வரிசையே இல்லாமல் திறந்துவிட்டிருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

டொராண்டோ செல்லோ | காலை 10.44
எழுதியவரின் அனுமதி இல்லாமல் திறந்தார்கள் என்று எழுத்தாளர் சங்கங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. கச்சேரி எல்லாம் ரத்தாகி எங்களைப் போன்றவர்களும் வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். நெருக்கடி படிக்கிறவருக்கு மட்டும் வந்ததா?

சுருதிப்பெட்டி | காலை 10.50
1963-ல் போனவருக்கு இப்போது என்ன வருமானம்?

நூலடுக்கு | பிற்பகல் 1.20
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் அமெரிக்காவில் ஒரு மியூசிக் லைப்ரரியில் கேட்டலாக் வேலை பார்க்கிறேன், இப்போது வீட்டிலிருந்து. தம்பி, உங்களுக்கு மூன்று சிக்கல், மூன்றும் வேறு வேறு.

புத்தகம்: ஹாத்தி டிரஸ்ட் மார்ச் 31 அன்று உறுப்பு நூலகங்களுக்கு அவசரகாலத் தற்காலிகச் சேவையைத் தொடங்கியது. விபிஎன் இங்கே உதவாது. மேலே லாகினை அழுத்தி, பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, கல்லூரிக் கணக்கில் நுழைய வேண்டும். விருந்தினராக நுழைந்தால் எதுவும் மாறாது. உங்கள் நூலகம் இந்தச் சேவையில் சேர்ந்திருக்க வேண்டும், அச்சுப் புத்தகமும் அங்கே இருக்க வேண்டும். எத்தனை பிரதி இருக்கிறதோ, ஒரே நேரத்தில் அத்தனை பேர்தான் படிக்கலாம். ஒரு மணி நேரத் தவணை, வேறு யாரும் கேட்காவிட்டால் நீளும். முழுதாக இறக்க முடியாது.

நாக்ஸோஸ்: நேரே அவர்கள் தளத்துக்குப் போகாமல் நூலகப் பக்கத்தில் உள்ள லிங்க் வழியாகப் போங்கள். சந்தாவில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, மாலையில் நிறைந்துவிடும். விடியற்காலையில் முயலுங்கள்.

ஸ்கோர்தான் கடினம். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, புத்தக அத்தியாயத்தை வாசகருக்கு நகலெடுத்துத் தர நூலகத்துக்கு வழி விடுகிறது. அதே பிரிவு இசைப் படைப்புகளை அந்தச் சலுகையிலிருந்து விலக்கிவிட்டது. அதனால் எங்களுக்கு இருப்பது 107, அதாவது நியாயமான பயன்பாடு. முழு ஸ்கோரை ஸ்கேன் செய்து தாருங்கள் என்று கேட்டால் மறுப்பார்கள். எந்தப் பக்கங்கள், எந்தப் பாடத்துக்கு, எதற்காக என்று எழுதிக் கேளுங்கள். மூடிய நூலகங்களிலும் சில இடங்களில் யாராவது ஒருவர் அவ்வப்போது உள்ளே போய் வருகிறார். உங்கள் இசை நூலகருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். கூச்சப்படாதீர்கள், இந்த வாரங்களில் எங்களுக்கு வேலையே அதுதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வாசலைப் பூட்டினால் நூலகம் மூடிவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பூட்டிய நாளிலிருந்து நான் முன்பைவிட அதிகம் பேருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்டால்தான் எங்களுக்குத் தெரியும்.

வலைக்கண்ணி | பிற்பகல் 2.05
அப்படியானாலும் விபிஎன் போட்டு ஒருமுறை பார்த்துவிடலாம்.

சுருதிப்பெட்டி | பிற்பகல் 2.40
108 பற்றி எனக்குத் தெரியாது. சரி. ஆனால் அது மோசமான சட்டம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நாலாவது தந்தி | ஏப்ரல் 18, இரவு 8.15
புத்தகம் திறந்துவிட்டது, அதுவரை விருந்தினராகத்தான் நுழைந்துகொண்டிருந்தேன். முதல் நாள் வேறு யாரோ படித்துக்கொண்டிருந்தார், மறுநாள் கிடைத்தது. நூலகர் இரண்டாம் பகுதியின் முதல் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பினார், வியாழக்கிழமை ஒருவர் உள்ளே போனாராம். நூலடுக்கு அக்கா, ரொம்ப நன்றி. எழுதப் போகிறேன்.

டொராண்டோ செல்லோ | இரவு 8.31
மகிழ்ச்சி தம்பி. அந்த ஹார்ப் பகுதியைப் பற்றி என்ன எழுதுகிறீர்கள் என்று நேரம் கிடைக்கும்போது இங்கே போடுங்கள்.

மாம்பலம் ரசிகை | ஏப்ரல் 27, காலை 7.05
தம்பி, அத்தியாயம் கொடுத்துவிட்டீர்களா?