பாம்படம் போட்ட ஆச்சியைப் படம் எடுக்க முதல் ஸ்டுடியோ லைட் எது வாங்கலாம்?

கேள்வி: கல்லிடை மாடி

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். ஆறு மாதமாக வீட்டு மாடி அறையில் குழந்தைகள், குடும்பம், வயதானவர்கள் என்று போர்ட்ரெய்ட் எடுத்துக் கொடுக்கிறேன். இதுவரை லைட் எதுவும் வாங்கவில்லை. கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதில் கட்டிய வெள்ளை வேட்டி, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் அட்டை. காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை அதுவே போதும்.

ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் சாயங்காலம்தான் வருகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு, ஆபீஸ் விட்டு, குளித்துப் பூ வைத்துக்கொண்டு வர ஆறரை ஆகிவிடுகிறது. அப்போது எனக்கு டியூப்லைட்டை விட்டால் வேறு கதியில்லை. ஐஎஸ்ஓவை (கேமராவின் வெளிச்ச உணர்வு) 3200 வைத்தாலும் குழந்தை கையை ஆட்டினால் படம் கலங்கிவிடுகிறது.

இன்னொரு காரணம் என் ஆச்சி. வயது 84. எங்கள் தெருவில் காதில் பாம்படம் என்ற பொன் தொங்கட்டான் போட்டிருப்பது இப்போது ஆச்சி மட்டும்தான். போன மாதம் தெரிந்தவரிடம் ஒரு ஸ்பீட்லைட், அதாவது சின்ன பிளாஷ், இரவல் வாங்கி, கேமரா மேலேயே மாட்டி எடுத்தேன். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. பாம்படத்தில் பொன் நிறமே இல்லை, இரண்டு வெள்ளைப் பொட்டுதான். பின்னால் சுவரில் கருப்பாக நிழல். ஆச்சி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு பிள்ள?" என்று கேட்டாள். அதிலிருந்து மனசு சரியில்லை.

அறை பத்தடி அகலம், பதினைந்து அடி நீளம், கூரை ஒன்பது அடி. சுவர் இளம்பச்சை. கேமரா கிராப் சென்சார், 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. மூன்று வழி தெரிகிறது. ஒன்று, மூன்று சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் வெள்ளைத் துணி போட்ட பெட்டி), உள்ளே பல்பு போடும் எல்இடி செட். இரண்டு, 400 வாட்-செகண்ட் ஸ்ட்ரோப், அதாவது ஸ்டுடியோ பிளாஷ், இரண்டு சேர்ந்த செட். மூன்று, மூடப்போகிற ஒரு ஸ்டுடியோவின் பழைய பிளாஷ், 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்கள். எதை எடுக்க?

பதில்: வள்ளியூர்க் காற்று

முதல் லைட் என்றால் நான் எல்இடிதான் சொல்வேன். எரிவதை எரிகிறபடி கண்ணால் பார்க்கலாம். மூக்கு நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டே லைட்டை நகர்த்தலாம். நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். வீடியோவுக்கும் ஆகும்.

ஆனால் பல்பு போடும் மூன்று சாஃப்ட்பாக்ஸ் செட் வேண்டாம். மூன்றும் சேர்ந்தாலும் வெளிச்சம் பத்தாது, ஸ்டாண்டு ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். சாஃப்ட்பாக்ஸ் மாட்டுகிற போவன்ஸ் மவுண்ட் உள்ள 60 வாட் எல்இடி ஒன்று வாங்குங்கள். அப்புறம், எந்த லைட் வாங்கினாலும் ஸ்டாண்டுக்குக் கனம் கொடுங்கள். எங்கள் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் குடை மாட்டிய ஸ்டாண்டை வெளியில் நிறுத்தவே முடியாது. பழைய பேன்ட் காலை வெட்டித் தைத்து, மணல் நிரப்பிக் காலில் போட்டிருக்கிறேன். அறைக்குள்ளும் குழந்தைகள் ஓடுகிற இடத்தில் அது கட்டாயம் வேண்டும்.

பதில்: அம்பை ஸ்டுடியோக்காரன்

தங்கச்சி, ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்து எழுதுகிறேன். 1994-லிருந்து ஸ்டுடியோ நடத்துகிறேன். அதற்கு முன்னால் அப்பா நடத்தினார். அப்பா காலத்தில் ஆயிரம் வாட் ஆலஜன் இரண்டு இருக்கும். கல்யாணப் பொண்ணு உட்கார்ந்த அஞ்சு நிமிஷத்தில் பவுடர் வழிய ஆரம்பித்துவிடும். பிறகு நெகட்டிவில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க டச்சப். லைட் சரியாக இருந்திருந்தால் அதில் பாதி வேலை மிச்சம் என்று இப்போது தெரிகிறது.

மூன்று லைட்டும் வேண்டாம், இரண்டு லைட்டும் வேண்டாம். ஒரே ஒரு ஸ்ட்ரோப், அதற்கு ஒரு பெரிய ஆக்டாபாக்ஸ் (எட்டு மூலை சாஃப்ட்பாக்ஸ்), நல்ல ஸ்டாண்டு, கேமரா அமுக்கும்போது ஸ்ட்ரோப்பை அடிக்க வைக்கும் ஒரு ட்ரிக்கர். ஜன்னலை வைத்து ஆறு மாதம் எடுத்திருக்கிறீர்கள். ஜன்னல் ஒரு லைட்தானே? உங்களுக்கு வேண்டியது ராத்திரியிலும் எரிகிற அதே ஜன்னல்.

வள்ளியூர்த் தம்பி எல்இடி சொன்னதில் தப்பில்லை. ஆச்சி அசையாமல் உட்காருவார்கள், எல்இடியில் எடுத்துவிடலாம். குழந்தைக்கு முடியாது. 60 வாட் எல்இடியை சாஃப்ட்பாக்ஸுக்குள் போட்டு ஐந்தடி தள்ளி வைத்தால், ஷட்டர் 1/125 செகண்ட், லென்ஸ் துவாரம் எஃப் 4-க்கு ஐஎஸ்ஓ 800 பக்கம் வந்துவிடும். வாட் என்பது ஒரு செகண்டுக்கான கணக்கு. ஷட்டர் 1/125 திறந்து மூடுவதற்குள் அந்த 60 வாட்டில் உங்கள் படத்துக்குக் கிடைப்பது அரை ஜூல்தான். 300 வாட்-செகண்ட் ஸ்ட்ரோப் அந்த 300 ஜூலையும் கண் இமைக்கும் முன் கொட்டிவிடும். அதனால்தான் ஐஎஸ்ஓ 100-ல் எஃப் 8 வைக்க முடிகிறது, குழந்தையின் கையும் உறைந்து நிற்கிறது.

400 வேண்டாம் என்பதற்குக் காரணம் உங்கள் அறை. பத்தடி அகலத்தில் லைட் முகத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். சில மாடல்களில் முழுப் பவரில் 1/16-க்குக் கீழே குறைக்க வராது. எஃப் 2.8-ல் எடுக்க ஆசைப்பட்டால் அது கூடுதலாக அடிக்கும். 200-லிருந்து 300 வரை உள்ளது, 1/32 வரை இறங்குவது, போவன்ஸ் மவுண்ட் உள்ளது பாருங்கள். கோடாக்ஸ் எம்எஸ்300 அந்த வகை. மாடலிங் லாம்ப், அதாவது பிளாஷ் அடிக்காத நேரத்திலும் எரிகிற உள் விளக்கு, கட்டாயம் இருக்க வேண்டும். நிழல் எங்கே விழும் என்று தம்பி சொன்னதை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆக்டாபாக்ஸ் 95 சென்டிமீட்டர் எடுங்கள். 120 இன்னும் மென்மைதான், ஆனால் நிற்கிற ஆளுக்கு உயர்த்தினால் உங்கள் ஒன்பதடிக் கூரையில் இடிக்கும். முகத்திலிருந்து ஒரு மீட்டரில் வையுங்கள், அதற்கு மேல் தள்ளாதீர்கள். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குக் குறையும். லைட்டிலிருந்து முகம் 1 மீட்டர், பின்சுவர் 3 மீட்டர் என்றால் சுவருக்கு ஒன்பதில் ஒரு பங்குதான் போகும், தானாக இருட்டிவிடும். அதே லைட்டை 2 மீட்டருக்குத் தள்ளினால் சுவர் 4 மீட்டரில் வரும், நான்கில் ஒரு பங்கு விழும். துணியே மாற்றாமல் பின்னணியின் நிறத்தை மாற்ற இது ஒன்று போதும்.

இப்போது பாம்படம். இதை நிதானமாகப் படியுங்கள். பாம்படம் மெருகேற்றிய பொன். கண்ணாடி மாதிரி, தனக்கு எதிரில் இருப்பதைத்தான் காட்டும். கேமரா மேல் இருந்த சின்ன பிளாஷைப் பார்த்தது, சின்ன வெள்ளைப் பொட்டாகக் காட்டியது. மீதி இருட்டு அறையைப் பார்த்தது, அதனால் மீதி கருத்துவிட்டது. அதற்குப் பெரிய, மென்மையான வெள்ளையைப் பார்க்கக் கொடுங்கள். ஒரு பக்கம் ஆக்டாபாக்ஸ், மறுபக்கம் உங்கள் தெர்மகோல், காதுக்கு இரண்டடியில். உருண்டையும் பட்டையுமாக ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு அளவில் பொன்னாக எழும். தெர்மகோலை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். விளிம்பு தெரியவில்லை என்றால் ஆக்டாபாக்ஸ் பக்கம் ஒரு கருப்பு வேட்டியைத் தொங்கவிடுங்கள். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்கு விற்பார்களே, அதுதான். அந்தக் கருப்பும் பாம்படத்தில் ஒரு கோடாகப் பிரதிபலிக்கும், அப்போதுதான் பொன்னுக்கு வடிவம் வரும்.

முக நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் அந்தக் காலத்தில் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வைத்து எல்லா முகத்தையும் வெளுக்க வைத்தோம். ஆட்கள் கேட்டார்கள், கொடுத்தோம். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. வெயிலில் உழைத்த கருப்புத் தோலில் பெரிய லைட் பக்கவாட்டில் விழுந்தால் கன்னத்து எலும்பில் ஒரு மினுக்கம் வரும். அந்த மினுக்கம் வெடிக்காத அளவுக்குப் பவரை வைத்தால் போதும். கருப்பு கருப்பாகவே வரட்டும்.

பழைய பிளாஷ் வேண்டவே வேண்டாம். கேமராவோடு இணைக்கும் சிங்க் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டிய பழைய பிளாஷ் என்னிடமே இருந்தது. இன்றைய கேமராவில் நேராக வயர் சொருகினால் சர்க்யூட் போய்விடலாம். மூடியைத் திறந்து பார்க்கவும் செய்யாதீர்கள், கெப்பாசிட்டர் உயிருக்கே ஆபத்து.

முப்பதாயிரத்தில் மிச்சம் வரும். அதில் அறைக்கு வெள்ளையடியுங்கள், பளபளப்பில்லாத வெள்ளை. பத்தடி அகலத்தில் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் நிழல் பக்கத்துக் கன்னத்தில் ஏறும். அதை கம்ப்யூட்டரில் எடுப்பது பெரும்பாடு.

பதில்: கல்லிடை மாடி

அண்ணாச்சி, இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு ரொம்ப நன்றி. பச்சை ஏறுகிறது என்று நீங்கள் சொன்ன பிறகு பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. ஆறு மாதமாக அதை வொயிட் பேலன்ஸ் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு சந்தேகம். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஸ்ட்ரோப் ஓடுமா? கண்ணாடி போட்ட ஆட்களுக்கு ஆக்டாபாக்ஸ் கண்ணாடியில் தெரியாதா?

பதில்: அம்பை ஸ்டுடியோக்காரன்

இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவா என்று பெட்டியில் பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் மாட்டாதீர்கள். மாடலிங் லாம்ப்பை அணைத்துவிட்டுத்தான் இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டும், ஆலஜன் பல்பு என்றால் அது ஒன்றே 150 வாட் வரை இழுக்கும். வோல்டேஜ் தாழ்ந்த நேரத்தில் ரெடி பீப் வர நேரமாகும். அவசரப்பட்டு அமுக்கினால் படம் இருட்டாக விழும், பீப் கேட்டு அமுக்குங்கள்.

கண்ணாடிக்கு லைட்டை ஒரு முழம் உயர்த்தி, இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே அரை விரல் தூக்கிவைக்கச் சொன்னால் சில்லு கீழ் நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு தப்பிப் போகும். படத்தில் தூக்கியது தெரியாது.

பதில்: டவுண் ரதவீதி

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. ட்ரிக்கரை உங்கள் கேமரா கம்பெனிக்கு உரியதாகக் கேட்டு வாங்குங்கள், கேனனுக்கு உள்ளது நிக்கானில் சரியாக வேலை செய்யாது. ஷட்டரை 1/160-லேயே வையுங்கள். 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால் படத்தில் ஒரு பக்கம் கருப்புப் பட்டை விழும். கேமராவைக் குறை சொல்லிச் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். லைட்டை ஆன் செய்வதற்கு முன் அதே செட்டிங்கில் ஒரு படம் எடுங்கள். முழுக்கக் கருப்பாக வர வேண்டும். வந்தால் டியூப்லைட் உங்கள் படத்தில் இல்லை என்று அர்த்தம்.

பதில்: கல்லிடை மாடி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 300 ஸ்ட்ரோப் ஒன்று, 95 ஆக்டாபாக்ஸ், ட்ரிக்கர், கனமான ஸ்டாண்டு வாங்கினேன். பக்கச் சுவர் இரண்டுக்கும் கூரைக்கும் வெள்ளையடித்தாயிற்று. பின்சுவர் இன்னும் பச்சைதான், ஆனால் அண்ணாச்சி சொன்ன ஒரு மீட்டர் கணக்கில் அது ஏறக்குறைய கருப்பாகப் போய்விடுகிறது.

நேற்று ராத்திரி ஏழு மணிக்கு ஆச்சியை உட்கார வைத்தேன். 1/160, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, பவர் 1/8. முதலில் ஸ்ட்ரோப் இல்லாமல் ஒன்று எடுத்தேன், முழுக்கக் கருப்பு. தெர்மகோலை நகர்த்தி நகர்த்திப் பதினாலு படம். ஒன்பதாவதில் பாம்படத்தின் கீழ் உருண்டையில் ஆக்டாபாக்ஸ் ஒரு வெளிறிய வட்டமாகத் தெரிந்தது, அதன் ஓரத்தில் கருப்பு வேட்டி மெல்லிய கோடாக ஓடியது, மற்றதெல்லாம் பொன். நீண்டு தொங்கும் காது மடலின் மடிப்புக்கூடத் தெரிகிறது. முகம் ஆச்சியின் நிறம்தான்.

இன்று காலையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஆச்சி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன் காதைத் தொட்டாள், படத்தில் இருந்த காதையும் தொட்டாள். "இதுல ஒரு ஒடுக்கு இருக்கும், ஒங்க அம்மைக்கு ரெண்டு வயசுல கடிச்சது" என்று சொல்லித் தேடினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் பட்டையில் இருக்கிறது.

பின்சுவரை ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறேன்.