பார்வை இல்லாமல் ஸ்டாஃப் நொட்டேஷன் எழுத எது நல்லது? கிறிஸ்துமஸுக்குள் நாலு பார்ட் வேண்டும்

தக்கலை கீபோர்டு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, தக்கலைப் பக்கம் ஒரு சபையில் 11 வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். இதுவரை எல்லாமே காதுதான். பாட்டை இரண்டு தடவை கேட்டால் கை தானாகப் போய்விடும், பார்ட்டைப் பாடிக் காட்டினால் குழுவில் இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இந்த வருடம் இசைக் கிரேடு பரீட்சை எழுதிய நாலைந்து பிள்ளைகள் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள், அவர்கள் முதலில் கேட்பது "அண்ணா, பேப்பர் எங்கே?" என்றுதான், அதாவது ஐந்து கோட்டில் நோட்டு எழுதிய ஸ்டாஃப் நொட்டேஷன் தாள். நியாயம்தானே.

ஒரு பழைய கீர்த்தனைக்கு சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்று நாலு குரலுக்கும் நாலு பார்ட் போட்டு மனதுக்குள் வைத்திருக்கிறேன். சித்தி மகனை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைத்ததில் 8 பார் (தாளக் கட்டம்) முடிக்க ஒரு சாயங்காலம் போய்விட்டது, அவனுக்கு எஃப்பும் ஒன்றுதான் எஃப் ஷார்ப்பும் ஒன்றுதான். போன வருடம் காசு கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கினேன், பெயர் வேண்டாம். திறந்ததும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ "பேன், பேன்" (ஆங்கில pane) என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். விண்டோஸ் லேப்டாப், என்விடிஏ, யூஎஸ்பியில் சொருகும் இசைக் கீபோர்டு, இவ்வளவும் கையில் இருக்கிறது. யாருடைய தயவும் இல்லாமல் நானே எழுதி நானே சரிபார்க்க வழி இருக்கிறதா?

முட்டம் காற்று:

தம்பி, இருக்கிறது. நானும் உன்னைப் போலத்தான், ஆறு வருடமாக இதிலேயே கிடக்கிறேன். மியூஸ்ஸ்கோர் என்ற நொட்டேஷன் மென்பொருளை இறக்கிக்கொள், காசு கிடையாது. 2022 டிசம்பரில் வந்த 4ஆம் பதிப்புக்கு அப்புறம் மெனு, பட்டன் எல்லாமே ஒழுங்காகப் பேசுகிறது. மியூஸ் சவுண்ட்ஸ் என்று பெரிய ஒலித் தொகுப்பு ஒன்றையும் இறக்கச் சொல்லும், அது நொட்டேஷன் எழுதத் தேவையில்லை, நம்ம ஊர் நெட்டில் அதை இறக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

ஆங்கில என் (N) எழுத்தை அழுத்தினால் நோட்டு போடும் நிலைக்குப் போகும். நோட்டின் நீளத்துக்கு எண் விசைகள்: 5 குவார்ட்டர் நோட்டு, 6 ஹாஃப், 7 ஹோல், 4 எய்த், 0 ரெஸ்ட் (மௌனம்). அப்புறம் ஏ முதல் ஜி வரை எழுத்தை அழுத்த அழுத்த நோட்டு விழும். உன் யூஎஸ்பி கீபோர்டைச் சொருகினால் அதிலேயே ஒவ்வொன்றாகத் தட்டலாம், ஆனால் நீளத்தை முதலில் எண்ணில் சொல்லிவிட வேண்டும். எஸ்கேப் அடித்து வெளியே வந்து வலது அம்புக்குறியில் நகர்ந்தால் சுரம், ஆக்டேவ், நீளம், எத்தனையாவது பார், எத்தனையாவது பீட் என்று எல்லாம் சொல்லும். கண்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் ஒரு பார் தாண்டும்.

இப்போது முக்கியமான ஆபத்து. நமக்கு வேர்ட் பழக்கத்தில் அடுத்த வரி வாசிக்கக் கை கீழ் அம்புக்குறிக்குத்தான் போகும். இங்கே அதைத் தொட்டால் நிற்கிற நோட்டு அரை சுரம் இறங்கிவிடும்! நான் ஒரு ஈஸ்டர் பாட்டை முழுக்க "வாசித்து" பார்த்துவிட்டு அச்சடித்துக் கொடுத்தேன், டெனார்காரர்கள் பாடியதைக் கேட்டுப் போதகர் திரும்பிப் பார்த்தார். ஒரு ஸ்டாஃபிலிருந்து கீழே உள்ள ஸ்டாஃபுக்குப் போக ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறி. சந்தேகம் வந்தால் கண்ட்ரோல் இசட்.

கோட்டாறு வயலின்:

அண்ணன் சொன்னதோடு என்விடிஏ பற்றி ஒன்று. எனக்கும் பார்வை இல்லை, கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன், ஸ்வரங்களை வெறும் எழுத்துக் கோப்பாகத்தான் வைத்திருக்கிறேன். அதில் ஒரு கமா ஒரு கார்வை (ஸ்வரத்தை நீட்டும் அளவு), செமிகோலன் இரண்டு. நிறுத்தற்குறி அளவு குறைவாக இருந்தால் என்விடிஏ அந்தக் கமாவை அப்படியே விழுங்கிவிடும், ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் முழுசாகக் கால் அட்சரம் கால் அட்சரமாகக் காணாமல் போகும், மாணவியைத் திட்டிவிட்டு அப்புறம் பார்த்தால் தப்பு என் கம்ப்யூட்டரில். என்விடிஏ விசையோடு பி (P) அழுத்தி "ஆல்" வரும்வரை மாற்றுங்கள். பழைய பாட்டுப் புத்தகத்தில் டானிக் சோல்ஃபா (டோ, ரே, மியை எழுத்தாலேயே எழுதும் முறை) இருந்து, அதை யாராவது தட்டச்சு செய்து தந்தாலும் இதே கதைதான், அங்கே கோலனும் புள்ளியும்தான் தாளம்.

குரலும் முக்கியம். தமிழ்க் குரலில் "சி ஃபோர்" என்பது என் காதுக்கு வேறு என்னவோ மாதிரி விழுந்தது. மியூஸ்ஸ்கோருக்கு மட்டும் ஆங்கிலக் குரல் போட என்விடிஏவில் ஒரு தனி ப்ரொஃபைல் (அமைப்புத் தொகுப்பு) வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் லில்லி:

எனக்குப் பார்வை உண்டு, ஆனாலும் சொல்கிறேன். லில்லிபாண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம். அதில் இசையை நோட்பேடில் எழுத்தாகவே எழுதலாம். சி பக்கத்தில் ஒரு ஒற்றை மேற்கோள், பிறகு 4 என்றால் நடு சி, குவார்ட்டர் நோட்டு. எழுதி ஓட்டினால் அச்சுக்குத் தயாராகப் பிடிஎஃப் வரும். பார் முடியும் இடத்தில் ஒரு நேர்கோடு போட்டு வைத்தால், பீட் கூடினாலோ குறைந்தாலோ எந்த வரியில் என்று எண்ணோடு எச்சரிக்கை சொல்லும், அதைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனால் கற்றுக்கொள்ள ஒரு மாதமாவது பிடிக்கும், கிறிஸ்துமஸ் அவசரத்துக்கு இது வேண்டாம்.

தக்கலை கீபோர்டு:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. மெலடி 16 பார் போட்டுவிட்டேன்!! கீழ் அம்புக்குறி, சொன்ன பிறகும் இரண்டு தடவை தொட்டுவிட்டேன். இப்போது வரிகளில் மாட்டிக்கொண்டேன், தமிழ் எப்படிப் போடுவது? இன்னொன்று, நான் எழுதியதை நானே பிரெய்லில் தடவிப் பார்க்க முடியுமா? பள்ளிக்கூடத்தில் தமிழ் பிரெய்ல் படித்திருக்கிறேன், இசை பிரெய்ல் தெரியாது.

முட்டம் காற்று:

வரிகளுக்கு முதல் நோட்டில் நின்று கண்ட்ரோல் எல். ஒரு அசை அடித்து ஹைஃபன், சொல் முடிந்தால் ஸ்பேஸ், அடுத்த நோட்டுக்குத் தானே போகும். நம் கீர்த்தனைகளில் ஒரே எழுத்தை நாலு நோட்டுக்கு இழுப்போமே, அங்கே அண்டர்ஸ்கோர். வரி முடிந்ததும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறக்காதே. தமிழிலேயே விட்டுவிட்டு "நோட்டு விழவில்லை, மென்பொருள் கெட்டுவிட்டது" என்று இரவு 11 மணிக்கு எனக்குப் போன் பண்ணியவர்கள் உண்டு.

பிரெய்ல் விஷயம் கொஞ்சம் பெரியது. லூயி பிரெய்லே ஆர்கன் வாசித்தவர், அதே ஆறு புள்ளியில் இசைக்கும் முறை செய்து வைத்துவிட்டுத்தான் போனார். ஆங்கில பிரெய்லில் டி, இ, எஃப், ஜி, எச், ஐ, ஜே என்று வருகிற ஏழும் இசையில் சி முதல் பி (B) வரை எய்த் நோட்டுகள். அதோடு 6ஆம் புள்ளி சேர்ந்தால் குவார்ட்டர், 3 சேர்ந்தால் ஹாஃப், இரண்டும் சேர்ந்தால் ஹோல். ஐந்து கோடு கிடையாது, எந்த ஆக்டேவ் என்பதற்குத் தனிக் குறி. ஒரு கையால் தடவி மறு கையால் வாசித்து மனப்பாடம் செய்ய வேண்டும், காதால் கற்றவனுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஆல்டோ மூன்றாவது பாரில் என்ன செய்கிறது என்று யாரையும் பாடச் சொல்லாமல் விரலுக்கே தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மியூஸ்ஸ்கோர் 4.1இல், அதாவது 2023இல், பிரெய்ல் பேனல் வந்தது. நீ நிற்கிற இடம் அப்படியே பிரெய்ல் டிஸ்ப்ளேயில் (புள்ளிகள் எழுந்து தாழும் கருவி) ஓடும். டிஸ்ப்ளே விலை நமக்குக் கட்டுப்படியாகாது, உண்மைதான். அப்படியானால் மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் சேமித்து, வியட்நாமில் பார்வையற்றோருக்கான ஸாவ் மாய் மையம் இலவசமாகத் தருகிற ஸாவ் மாய் பிரெய்ல் மென்பொருளில் போட்டு, எம்பாஸர் (பிரெய்ல் அச்சு இயந்திரம்) இருக்கிற இடத்தில் அச்சடித்துக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம் லில்லி:

ஒன்றை மட்டும் கண் உள்ள யாரிடமாவது காட்டிவிடுங்கள். தமிழ் அசை அகலமானது, வரிகள் ஒன்றோடு ஒன்று முட்டுகிறதா, ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பார் தொங்குகிறதா என்பதை என்விடிஏ சொல்லாது. பிடிஎஃப்பை அனுப்பினால் நான் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது மியூஸ்ஸ்கோர் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள், பிடிஎஃப் வெறும் படம்தான், அதிலிருந்து நீங்கள் திரும்ப எதையும் வாசிக்க முடியாது.

தக்கலை கீபோர்டு:

நாலு பார்ட்டும் முடிந்தது. நேற்றுப் பயிற்சியில் பேப்பர் கொடுத்தேன். ஒரு பிள்ளை, "அண்ணா, 12ஆவது பாரில் ஆல்டோ பி ஃப்ளாட் தப்பா இருக்கு" என்றது. லேப்டாப்பைத் திறந்து 12க்குப் போய்ப் பார்த்தேன். தப்பில்லை, நான் வேண்டுமென்றேதான் போட்டேன், பாடிப் பார் என்றேன். பாடினார்கள். அடுத்து ஞாயிறு பாட்டுக்கும் பேப்பர் கேட்கிறார்கள், லில்லி, பிடிஎஃப் இன்று இரவு அனுப்புகிறேன்.